உபயம்

யானையின் காதுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் எண் இருந்தது.

அதற்கு மேலே, 'பெங்களூருக்கு மிக அருகில் வீட்டு மனைகள்' என்று மஞ்சள் எழுத்து. குட்டியைத் தும்பிக்கையால் அணைத்தபடி தார்ச்சாலையைக் கடக்கும் தாய் யானை. சானமாவுக் காட்டோரம் எடுத்த அந்தப் படம், இப்போது பாகலூர் ரோட்டில் ஃபிளெக்ஸ் கடை வாசலில் ஆளுயரத்துக்கு விரிந்து, மை காய்ந்துகொண்டிருந்தது.

படம் எடுத்தவர் பெயர் எங்கும் இல்லை.

மோகனப்ரியாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் ஜெகதீஷ் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டான். "நீ சும்மா இரு ப்ரியா. நான் பேசிக்கறேன்."

அவள் சும்மா இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைக்காரர் முனிராஜ் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "நெட்ல ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு சார். ஃப்ரீன்னா ஃப்ரீதானே? யானையே ஒண்ணும் கேக்கல, நீங்க வந்து கேக்கறீங்க."

கம்பெனி யூனிஃபார்மில் இருந்த ஜெகதீஷ் மேஜையில் ஓங்கித் தட்டினான்.

"ஃப்ரீதான்யா. யாரு வேணா எடுத்துக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், வித்துக்கக்கூடச் செய்யலாம். காசா கேட்டேன்? ஒரே கண்டிஷன், எடுத்தவன் பேரைப் போடணும். அடுத்தவன் உழைப்பை எடுத்துக்கிட்டு அவன் பேரை மறைச்சா, அதுக்கு என்னய்யா பேரு?"

"திருட்டு," என்றாள் மோகனப்ரியா.

ஜெகதீஷ் 'கேட்டீங்களா' என்பது போலக் கையை விரித்தான். செல்போனைத் திறந்து, படம் இருந்த இணையப் பக்கத்தை முனிராஜின் மூக்குக்கு நேரே நீட்டினான். "பாருங்க. 'இது என் சொந்தப் படைப்பு'ன்னு டிக் பண்ணித்தான் ஏத்தியிருக்கேன்."

மோகனப்ரியாவுக்கு அந்த விடியல் கண்ணுக்குள் நின்றது. ராயக்கோட்டை ரோட்டில் பனி. சட்டென்று எதிரே யானைகள். கிளட்சை விடாமல், ரெண்டு கையாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "திரும்பிடலாம், திரும்பிடலாம்" என்று முணுமுணுத்த ஜெகதீஷ். அந்த இடத்தில் நடுங்காமல் இருந்தது செல்போன் ஒன்றுதான்.

"ஆய்த்து சார், ஆய்த்து," என்று முனிராஜ் கன்னடத்தில் இறங்கி வந்தார். "பேருதானே? போட்டு வேற அடிச்சுத் தர்றேன்."

ஃபைலைத் திறந்தார். யானையின் காலடியில் மளமளவென்று தட்டினார்.

உபயம்: ஜெகதீஷ்.

கோயில் டியூப்லைட் முதல் அன்னதானப் பந்தல் வரை எழுதிப் பழகிய விரல்கள். பெயர் போடு என்றால் அவருக்கு முதலில் வரும் சொல் அதுதான்.

ஜெகதீஷுக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், உபயம்னா குடுத்தவன் பேருய்யா. எடுத்தவனுக்குப் 'படம்'னு போடணும். இதுகூடத் தெரியாம கடை வெச்சிருக்கீங்க. அதை அழிங்க முதல்ல."

முனிராஜின் விரல் அழிக்கும் பட்டன் மேல் போனது.

"அழிக்காதீங்கண்ணா." மோகனப்ரியாவின் குரல் உயரவே இல்லை. "உபயம் சரிதான். குடுத்தது அவருதான்."

ஜெகதீஷ் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்கு மேல ஒரு வரி அடிங்க. படம், மோகனப்ரியா."

முனிராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

"இன்ஷியல் என்னம்மா?"

"வேண்டாம்."