கழுகு முத்திரை

போலீஸ் ஸ்டேஷன் மூலையில் உட்கார்ந்திருந்தவள் கடைக்காரரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. தன் வலது ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி ஏறிய கருப்புத் துளையையே தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவளைப் பார்க்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முந்தாநாள் நான்காம் மாடியில் தொங்கியபடி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன், இடுப்பு பெல்ட் அறுந்து விழுந்து செத்துப்போனான். மேஸ்திரி அந்த பெல்ட்டை வாங்கியது இவர் கடையில். அதில் கழுகு முத்திரை இருந்தது.

கழுகு கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கினார். சலூன் போர்டில் கழுகுப் படம் போட்டவனைக்கூடக் கோர்ட்டுக்கு இழுத்த மனிதர். போலிச் சரக்கு விற்றதாக இதுவரை ஆறு கடைகளுக்குப் பூட்டுப் போட வைத்திருக்கிறார்.

"சத்தியமா உங்க ஏஜென்ட் இறக்கின சரக்குதாங்க" என்றார் கடைக்காரர்.

"மாட்டிக்கிட்டவன் எல்லாம் பாடுற பாட்டுதான். புதுசா ஏதாவது இருந்தா சொல்லு."

இன்ஸ்பெக்டர் அறுந்த பெல்ட்டை மேஜைமேல் போட்டார். "ஒரிஜினலா இருந்தா உங்க ஃபேக்டரிக்கு சீல். டூப்ளிகேட்டா இருந்தா இவர் உள்ளே. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"எவனும் காப்பி அடிக்க முடியாதபடி உள்ள ஒரு அடையாளம் வச்சிருக்கேன் சார். வக்கீலுக்குக்கூடச் சொன்னதில்ல. எனக்கும் மூணாம் நம்பர் மெஷினுக்கும்தான் தெரியும்."

"மெஷினுக்கா?"

"அதுல தைக்கிற பொம்பளையைச் சொன்னேன். முந்நூறு பேரு, எல்லாரும் தூசிக்கு மூஞ்சியை மூடிக்கிட்டு உட்காந்திருப்பாங்க. பேரெல்லாம் யாரு கண்டா?"

வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, முத்திரையை பிளேடால் பிரித்தார். கடைக்காரருக்கு அந்த அகலமான முதுகு மட்டும்தான் தெரிந்தது. நூல் அறுபடும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு இடது கையை மூடியபடி திரும்பினார்.

"அடையாளம் இல்ல சார். டூப்ளிகேட்."

கடைக்காரர் இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம் பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்சைங்க..." என்று ஏதோ உளறினார். கான்ஸ்டபிளின் கை தோளில் விழுந்தது.

மூலையில் இருந்தவள் எழுந்து வந்தாள். அறையத்தான் போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், அவள் முதலாளியின் மூடிய இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கையைத் திறக்கச் சொல்லுங்க சார். உள்ள செவப்பு நூல் இருக்கும். ஏழு தையல், தலைகீழா."

"ஏய்... நீ யாரு அதைச் சொல்ல?" முதலாளி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவள் முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணாம் நம்பர் மெஷின்."