அழும் குழந்தைகளின் அறை

ஞாயிறு ஆராதனையில், கோயிலின் பின்சுவரை ஒட்டி, அழும் குழந்தைகளுக்காகக் கட்டிய கண்ணாடி அறையில் பெர்சிஸின் அண்ணன் ஆசீர் உட்கார்ந்திருந்தான். வயது முப்பத்தாறு. பிரசங்கத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் உரக்கப் பதில் சொல்லிவிடுவான். மனநோய்க்கான மாத்திரைகளால் அதை மட்டும் நிறுத்த முடியவில்லை. "யோனா எங்கே ஓடினான்?" என்று போதகர் கேட்டால், "தர்ஷீசுக்கு! டிக்கெட் எடுத்துட்டுத்தான் போனான்!"

பெர்சிஸின் திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆசீரைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. "மூணு வாரந்தானட்டி. பொறவு நம்ம பக்கத்துலயே உக்காரட்டும்," என்றாள் அம்மா. "அங்கதாண்ணே ஸ்பீக்கர் நல்லா கேக்கும்" என்று அவனை உள்ளே விட்டது பெர்சிஸ்தான்.

அவனுக்கு எல்லாம் கேட்டது. அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்து, முகம் கரைந்து, அசையும் வாய் மட்டும் தெரிந்தது. வாரம் முழுக்க அந்த வாய் பெர்சிஸின் தூக்கத்துக்குள் பேசியது.

மூன்றாம் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். போதகர் இரண்டு பெயர்களையும் வாசித்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் உண்டா?"

பெர்சிஸ் திரும்பிப் பார்த்தாள். ஆசீர் இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தான்.

அம்மா முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க அவள் எழுந்தாள்.

"உண்டு, ஐயா. எங்க அண்ணன் அந்த ரூமுக்குள்ள இருக்கான். அவன் வந்து எங்கூட உக்காரட்டும். அதுக்கப்பறம் வாசிங்க."

சபை முழுவதும் கண்ணாடியைப் பார்த்தது. ஆசீர் கைகளை எடுக்கவேயில்லை.