அல்தாஃப் நம்பர்

சாய்லக்ஷ்மி பெட்டி கட்டிவிட்டாள். நகரியில் நைனா வீடு இருக்கிறது. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால் போதும், காபி ஆறுவதற்குள் ஆந்திரா வந்துவிடும்.

இன்னும் தலை தீபாவளிகூட வரவில்லை. அதற்குள் இப்படி. பின்னே என்ன, எந்தப் பொண்டாட்டிதான் பொறுத்துக்கொள்வாள்?

ஷ்யாமுக்கு இன்டர்நெட் கம்பெனியில் வேலை. அரக்கோணம், மணவூர், அம்மையார்குப்பம் என்று சுற்றுப்பட்டு பிரவுசிங் சென்டர்களுக்கெல்லாம் லைன் கொடுத்திருந்தார்கள். எந்த ஊரில் லைன் போனாலும் இவன்தான் பைக்கில் ஓட வேண்டும். அது தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். மாமன் மகனாச்சே.

ஆனால் வீட்டில் நடக்கிற கூத்து வேறு மாதிரி இருந்தது.

முதலில் அவன் மொபைலில் ஒரு மெசேஜ் வரும். பார்ப்பான், பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். எழுந்திருக்க மாட்டான். நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும். முகமெல்லாம் சிரிப்பாக, "ஆங்... சொல்லுங்க... அப்புறம்?" என்பான். மரியாதை வேறு. பேசி முடித்ததும் பைக் கிளம்பிவிடும்.

முதலில் சைகை, அப்புறம் பேச்சு, அப்புறம் சந்திப்பு. நல்ல ஏற்பாடு.

போனில் தெரிகிற பேர் அல்தாஃப். உள்ளேயிருந்து கசிகிற குரலோ பொம்பளைக் குரல். பொம்பளை நம்பரை ஆம்பளைப் பேரில் போட்டு வைக்கிற வித்தை அவளுக்குத் தெரியாதா? டிவி சீரியல் பார்க்கிறவள்தானே.

இதில் ரீசார்ஜ் கடைக்காரர் வேறு. சார் மாசாமாசம் இன்னொரு நம்பருக்கும் காசு போடுவாரே, இந்த மாசம் நீங்க போட்டுடுறீங்களா என்று கேட்டுவைத்தார். பாவம், அவர் வியாபாரத்தைப் பார்த்தார். எந்த நம்பர் என்று பார்த்தால், அதே அல்தாஃப்.

அன்று சாயங்காலமும் மெசேஜ் வந்தது. அவன் வழக்கம்போல அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"யாரு பாவா?"

"ஆபீஸ்."

"ஆபீஸ்னா கிளம்ப வேண்டியதுதானே. யாருக்காகக் காத்துக்கினு இருக்கே?" கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

அவன் மறுபடி நகத்தைக் கடித்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அல்தாஃப்.

திரும்பி வந்து வெடுக்கென்று பிடுங்கினாள். அவன் தடுக்கவில்லை.

"தம்பி, அல்தாஃப் அம்மா பேசுறேன்பா. புள்ள போனுக்கு மெசேஜ் வந்திருக்குது. எழுதிக்கோ. ஏ... ஆர்... ஏ... கே..." வயசான குரல், ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தது. "சீக்கிரம் போப்பா. ஜனங்க காத்துக்கினு இருக்கும்."

சாய்லக்ஷ்மி போனை அவனிடமே நீட்டினாள்.

"எழுதிக்கினேன்மா. அரக்கோணம். இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லி வைத்தான்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அல்தாஃப் இவனுக்கு முன்னால் இதே வேலையில் இருந்தவன். போன வருஷம் வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதிப் போய்விட்டான். ஆபீசில் ஒரு புரோகிராம் இருக்கிறது. வெப் சர்வீஸ் வழியாக ஒவ்வொரு ஊர் மிஷினையும் 'இருக்கியா, இருக்கியா' என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் தானாகவே மெசேஜ் அனுப்பிவிடும். அது இன்னமும் அல்தாஃப் நம்பருக்குப் போகிறது. போன் அவன் அம்மா ஷாகிராவிடம் இருக்கிறது. மகன் வேலை நின்றுவிடக் கூடாது என்று அந்தம்மா எழுத்துக் கூட்டிப் படித்து இவனுக்குச் சொல்கிறாள்.

"ஆபீஸ்ல தெரிஞ்சா அந்த நம்பரை எடுத்துடுவாங்க. அதான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை."

சாய்லக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கையோடு கோபமும் வந்தது.

"எடுத்தா எடுக்கட்டும். புள்ளையைப் பறிகொடுத்தவங்களை தினம் ஏபிசிடி படிக்க வெச்சு வேலை வாங்குறீங்களே, இது அடுக்குமா? உங்க நம்பரைப் போட்டுக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

ஷ்யாம் செருப்பை மாட்டிக்கொண்டே, அந்தம்மா கூப்பிடுவதற்கு முன்னால் வந்த மெசேஜை அவளிடம் காட்டினான். 'அரக்கோணம் லைன் டவுன்' என்று இருந்தது.

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே போட்டாச்சு. எனக்கும் அப்பவே வந்துடுது. அந்தம்மா சொல்லாம நான் கிளம்புறதில்ல, அவ்ளோதான்."