சைக்கிள் சிப்பாயின் விளக்கு

துய்மா வீதி வீட்டில் பகல் வெயில் மேசைமேல் விழுகிறது. சிறுவர் நூலுக்காக சாந்த்ரின் வரைந்த உலகப்போர்ப் படம் அங்கே காய்கிறது. அதில், இருட்டில் சைக்கிளில் போகும் சிப்பாயின் விளக்கு மஞ்சளாய் எரிகிறது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அல்ஜீரியப் போருக்குப் போய்வந்த அவள் அப்பா எதுவார், படத்தைப் பார்த்ததும் நாற்காலிக்குப் பின்னால் பதுங்குகிறார். "வெளக்க அணைக்கச் சொல்லும்மா! பாத்தா சுட்டுடுவானுங்க!" "பப்பா, அது வெறும் படம்." அவர் கைலி நனைந்துவிட்டது. எதிரி பார்க்கும் தூரத்தில் எவனும் விளக்கேற்றிப் போகமாட்டான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. தூரிகையைக் கறுப்பில் தோய்த்து வெளிச்சத்தை மூடுகிறாள். "அணைச்சுட்டேன் பப்பா." "பேசாத," என்று கிசுகிசுக்கிறார். "அவன் இன்னும் அந்தப் பக்கம் போய்ச் சேரல." அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு அவரருகில் குந்துகிறாள்.