சத்தம் வராத மெஷின்

“சத்தமே வரக் கூடாதுங்க. அடுத்த ரூம்லதான் அவ தூங்கிட்டிருப்பா. அவ கண் முழிக்கிறதுக்குள்ள காரியம் முடிஞ்சிடணும்.”

பல் டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்ன விதத்தில் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் விற்பது காபி மெஷின்தானா என்று அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“யாரு சார் தூங்குறது? கைக்குழந்தையா?”

“கட்டின பொண்டாட்டி. லைப்ரரியில வேலை. கடைசி மேஜையில யாராவது பக்கம் புரட்டினாலும் இங்கிருந்து முறைப்பா. பாம்புக் காது!”

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சுப் படபடப்பு என்று போனவரிடம் பெரிய டாக்டர், “காபியைக் குறைச்சுக்குங்க” என்றார். கூட வந்திருந்த மனைவியின் பாம்புக் காதில் மட்டும் அது எப்படியோ, “நிறுத்திடுங்க” என்று விழுந்தது. அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த மெஷின் மச்சினன் வீட்டுக்குக் குடிபோயிற்று.

அதோடு விட்டாளா? “நீங்க வாயைக் கட்டிக்கிட்டு இருக்கறப்ப எனக்கு மட்டும் காபி ஒரு கேடா? நானும் விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டாள். நாளுக்கு நாலு கோப்பை குடித்தவள். அப்படிப்பட்டவளுக்குத் தெரியாமல் குடிக்கத்தான் இப்போது மெஷின் தேடிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் முதலில் காட்டியது மின்சாரத்தில் ஓடுவது. பொத்தானைத் தொட்டதும், பல் குடையும் மெஷினுக்கு அண்ணன் மாதிரி அது அலறியது. டாக்டர் பதறிப்போய்த் தானே ஸ்விட்சை அணைத்தார்.

“அப்ப உங்களுக்குக் கையால அழுத்தற லீவர் மெஷின்தான் சார் சரிப்படும். உள்ள பம்ப் கிடையாது. பம்ப் பண்ற வேலையை உங்க கை பண்ணும்.”

லீவரிலும் பல தினுசு இருந்தது. ஒன்றில் பாய்லர், ஆவி புஸ்ஸென்று சீறியது. இன்னொன்றில் ஸ்பிரிங்; கைப்பிடி மேலே ஏறி நிற்கும்போது ‘டக்’ என்றது. டாக்டர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, சொத்தைப் பல்லைப் பார்த்தவர் போல உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியாக வந்ததில் பாய்லரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, மின்சாரமே வேண்டாம். தூளை நிரப்பி, வெந்நீரை ஊற்றி, நீளக் கைப்பிடியைப் பிடித்து அழுத்த வேண்டியதுதான்.

“பலமா அழுத்தணும் சார். எல்லாருக்கும் கை ஒத்துழைக்காது.”

“கடைவாய்ப் பல்லையே பிடுங்கற கைங்க இது!” என்று டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மூச்சு விடும் சத்தம்கூட இல்லாமல் காபி இறங்கியது. மேலே பொன்னிறத்தில் நுரை. இரண்டு மாதத்துக்கு அப்புறம் முதல் வாய் உள்ளே போனதும் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“தூள் அரைக்கிற சத்தம் கேக்குமே சார்?”

“கிளினிக்லயே அரைச்சு எடுத்துக்குவேன். அங்க இருக்கிற சத்தத்துல எது எதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

“வெந்நீர்?”

“ராத்திரியே பிளாஸ்க்ல ஊத்தி வெச்சுடுவேன். மெஷின், என்னோட பழைய குறடெல்லாம் இருக்கிற பெட்டிக்குள்ள. அதைப் பார்த்தாலே அவளுக்குப் பல் கூசும், கிட்டயே வரமாட்டா.”

கடைக்காரர் அசந்துபோனார். “எல்லாம் சரி சார், வாசனையை என்ன பண்ணுவீங்க? அது ஊரையே கூட்டிடுமே!”

டாக்டர் சிரித்தார். “அந்தக் கவலையே இல்ல. கொஞ்ச நாளா அவளுக்கு லாவண்டர் பைத்தியம் பிடிச்சிருக்கு. வீடு பூரா ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டே இருக்கா. நான் கிளினிக் முடிஞ்சு போனா மூக்கே அடைச்சுக்குது. அதுல காபி வாசனை எங்கேருந்து தெரியும்?”

பணம் கொடுக்கப் பையில் கை விட்டபோதுதான் மனசு உறுத்தியது. பாவம், தனக்காக ஆசையை அடக்கிக்கொண்டு வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். தெரிந்துபோனால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் எதிரே நிற்பது? இருபது வருஷத்தில் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கில் அந்தக் கசப்பு இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு கார்டை நீட்டினார்.

சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் வந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை மத்தியானம் வாங்க, அவ வேலைக்குப் போயிருப்பா. என் கையிலதான் குடுக்கணும்” என்றார் டாக்டர்.

“எந்த இடம் சார்?”

“பெரிய தையல் கடை இருக்கில்ல, அதுக்கு மேல. மூணாவது மாடியில எங்க வீடு ஒண்ணுதான்.”

அந்த ஆள் பெட்டியை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

“லைப்ரரி அம்மா வீடா? போன மாசம் அவங்க வாங்கின மெஷின் அதுக்குள்ள ரிப்பேரா சார்?”