வேலிக்கு அந்தப் பக்கத்துப் பலகாரம்

விற்ற சவுக்காரக் கட்டிகளெல்லாம் நஃபீசாவின் கொல்லையில் திரும்பி வந்து விழுந்துகொண்டிருந்தன.

தேங்காயெண்ணெயும் சாம்பல் நீரும் காய்ச்சிச் சவுக்காரம் விற்றுத்தான் அந்தக் கைம்பெண் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். பெருநாள் நெருங்கும்போது பேர் கெட்டால் அடுப்பே அணைந்த மாதிரி.

கெடுத்தவர் சீமைச் சவுக்காரம் விற்கும் கடைக்கார ஹனீபா. கரிச்சூளைச் சீனர் அவளுக்குச் சாம்பல் கொண்டுவரும் தகர டப்பாவைப் பார்த்துவிட்டு, உள்ளே பன்றிக் கொழுப்பு என்று கிளப்பிவிட்டார். எங்கள் தேக்கா வட்டாரம் முழுக்கப் பரவ ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. நான் வேறு இருக்கிறேனே.

பக்கத்து வீடு என்பதால் எனக்கும் அவள்மேல் ஒரு சந்தேகம் உண்டு. வேறு சந்தேகம். நோன்பு தொடங்கியதிலிருந்து அந்தியில் பாங்கு சொன்னதும் கஞ்சிக்குக்கூட உட்காராமல், கொல்லையில் தனியாக நின்று எதையோ வாயில் போட்டுச் சப்புக்கொட்டுவாள். பிள்ளைகளுக்கும் தரமாட்டாள். வேலி ஓட்டையில் முதுகு மட்டும்தான் தெரியும். ஓட்டை நான் போட்டதல்ல. பெரிதாக்கியது மட்டும் நான்.

"சுத்தமான சரக்குன்னா நாக்குல வச்சுக் காட்டு, தங்கச்சி," என்றார் ஹனீபா, கட்டிகளைத் திருப்பி எறிய வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்று.

அவள் அடுப்பில் கொதிக்கும் சவுக்காரக் கொப்பரையைத் துழாவுவதை நிறுத்தவில்லை.

"நோன்பு, நானா. பாங்கு சொல்லட்டும்."

"நல்ல சாக்குதான்!"

கூட்டம் சிரித்தது. நான் மாதா கோயில்காரி. ஆனாலும் சிரித்து வைத்தேன்.

யாரும் நகரவில்லை. ஹனீபா மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். எருமைகள் தொழுவத்துக்குத் திரும்பின.

பாங்கு எழுந்தது.

நஃபீசா பழத்தைத் தேடவில்லை. தண்ணீரையும் தேடவில்லை. துடுப்பின் நுனியிலிருந்து ஒரு பொட்டு வழித்தாள். ஊதி ஆற்றினாள்.

"பிஸ்மில்லா" என்று நாக்கில் வைத்தாள்.

நோன்பையே அதில் திறந்துவிட்டாள்!

ஹனீபாவின் பழம் உதட்டருகே நின்றுபோனது. பன்றிக் கொழுப்பென்றால் உயிரே போனாலும் அவள் அதைச் செய்திருக்கமாட்டாள். அதை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் தேவைப்படவில்லை. என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

அவள் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"இன்னும் நாக்கைக் கடிக்குது. சாம்பல் காரம் அடங்கலை. அந்த விறகைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க, நானா."

தள்ளினார்.

பெண்கள் குனிந்து கட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். எது யாருடையது என்று அதற்குள் ஒரு சண்டை.

நான் மட்டும் அசையவில்லை. அந்தச் சப்புக்கொட்டல் என் காதுக்குப் பழக்கம்.

பதம் பார்க்க நாக்கை விட்டால் வழியில்லை. பகலில் பார்க்க நோன்பு விடாது.

பிறை கண்ட நாளிலிருந்து தினமும் நான் வயிறெரிந்த பலகாரம் அதுதான்.