எண்பத்தொன்பதாம் நாள்

எந்த நாடும் யாரையும் தொண்ணூறு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாத காலம் அது. பூரணியும் அவள் கணவர் ஞானசேகரும் பதினேழு வருஷமாக நாடு நாடாகச் சுற்றினார்கள். எங்கேயும் கால் கிலோவுக்கு மேல் உப்பு வாங்கியதில்லை. கடைசியில் நிரந்தரக் குடியிருப்புக் குலுக்கலில் அவர்களுக்குத் தென்காசியில் ஒரு வீடு விழுந்தது.

வந்த அன்றே ஞானசேகர் கொல்லையில் முருங்கைக் கொம்பு நட்டார். "இனி நம்மள யாரும் கெளப்ப முடியாது. கால நீட்டி உக்காரு, பூரணி" என்றார்.

எண்பத்தொன்பதாம் நாள் காலையிலிருந்தே பூரணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். நாலு தடவை வாசலுக்குப் போய்வந்தாள். அவர் கடைக்குப் போனதும், துணிமணிகளை ஒருமுறை அடுக்கிப் பார்த்தால் மனசு ஆறும் என்று, பரணில் கிடந்த தன் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறினாள்.

பக்கத்தில் இருந்த அவர் பெட்டியை நகர்த்த முடியவில்லை. அப்படிக் கனத்தது. அதன் மேல் ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு முழ முருங்கைக் கொம்பு, துளிரோடு.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்த ஞானசேகர் அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சும்மாதான்... அடுக்கிப் பாத்தேன்" என்றார்.

பூரணி இறங்கவில்லை. தன் காலிப் பெட்டியை அவரிடம் நீட்டினாள்.

"இதப் பிடிங்க. பிளைட் எத்தன மணிக்கு?"